கை ஓயாத நாள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டு அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்னால் உறுதியாக நின்றார். வயல் கூலிகள், குவாரியில் கல் உடைப்பவர்கள், கல் பட்டை தீட்டுபவர்கள், கிராமச் செவிலியர்கள், பால்வாடி ஆசிரியைகள் எனப் பலரும் சைக்கிளில் ஏறினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் சைக்கிளில் கொடி கட்டி ஊர்வலம் வந்தார்கள். இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கிவிட்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பலரும் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். முன்பக்கக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பது அதில் கூடுதல் வசதி.

விடுதலையின் கதை என்று இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தப் பெண்கள் சாய்நாத்திடம் சொன்னவற்றைக் கவனித்துப் படித்தால், பேச்சு திரும்பத் திரும்ப நேரத்தில்தான் வந்து நிற்கிறது. விளைந்ததை விற்கப் போகும் பெண், முதலில் பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்கவேண்டும். பஸ் எப்போது வருமோ அப்போதுதான் பயணம். பொருள் பாதிதான் விற்றிருக்கும், அதற்குள் பிள்ளைக்கும் தண்ணீருக்கும் வீட்டுக்கு ஓடி வரவேண்டும். சைக்கிள் வந்த பிறகு காத்திருப்பு குறைந்தது, விற்க நேரம் கூடியது, சிலருக்குக் கொஞ்சம் ஓய்வும் கிடைத்தது. அந்தக் கொஞ்சம் ஓய்வு என்ன ஆனது, அது மனத்துக்கு என்ன செய்தது என்பதை அன்று யாரும் அளக்கவில்லை. அளப்பதற்கான அறிவியலே அப்போது இளமையாக இருந்தது. இன்று அது வளர்ந்திருக்கிறது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியதுதான்.

இன்று அதே மாவட்டத்தின் கீரமங்கலம் பக்கம் பூ பயிரிடும் ஊர்களை எடுத்துக்கொள்வோம். மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறித்தாகவேண்டும், வெயில் ஏறினால் விலை இறங்கும். அதனால் விடிவதற்கு வெகுநேரம் முன்பே, கையில் டார்ச்சோடு தோட்டத்தில் வேலை தொடங்கிவிடும். பறித்த பூ கமிஷன் கடைக்குப் போகவேண்டும். அதற்குள் வீட்டில் அடுப்பு எரியவேண்டும், பிள்ளைகளுக்குத் தலை வாரவேண்டும், குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தோடு நிற்கவேண்டும். திரீ பேஸ் கரண்ட் வந்ததும் யாராவது ஓடிப்போய் மோட்டாரைப் போடவேண்டும். கணவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்தால் அந்த யாராவதும் பூப்பறிக்கும் அந்தப் பெண்தான். அப்புறம் நூறு நாள் வேலை, ஆடு மாடு, குழுக் கடனின் வாரத் தவணை, மாமியாருக்கு மாத்திரை. எந்த வேலையும் தனியாகப் பார்த்தால் மலையல்ல. ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வருவதுதான் ஆளைச் சாய்க்கிறது.

உடலுக்குள் என்ன நடக்கிறது? ஏதோ ஒன்று அவசரம், தவறினால் கேடு என்று மூளை கணித்த நொடியில், ஹைபோதலாமஸ் என்னும் சிறு பகுதி ஒரு செய்தியை அனுப்புகிறது. அது பிட்யூட்டரி சுரப்பிக்கும், அங்கிருந்து இரத்தம் வழியாகச் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் போய்ச் சேர்கிறது. கார்டிசால் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, இதயம் வேகம் எடுக்கிறது, செரிமானமும் நோய் எதிர்ப்பும் பின்னுக்குப் போகின்றன. பாம்பைக் கண்டு விலகி ஓட இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. காரியம் முடிந்ததும் கார்டிசாலே மூளைக்குத் திரும்பிப் போய், போதும் என்று நிறுத்தச் சொல்கிறது.

அந்த நிறுத்தம் வராமலே போனால்? 1993-இல் புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் இதற்கு அலோஸ்டாடிக் சுமை என்று பெயர் வைத்தார்கள். சமாளிப்பதற்காக உடல் எடுக்கும் முயற்சியே உடலைத் தேய்க்கத் தொடங்கும் நிலை அது. கிணற்றில் தண்ணீர் கீழே போன பிறகும் அணைக்காமல் விட்ட மோட்டார் எப்படிச் சூடேறிக் கருகுமோ, அப்படி. இயல்பான உடலில் கார்டிசால் விடியலை ஒட்டி உயர்ந்து, இரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். நாள்பட்ட நெருக்கடியில் இந்த ஏற்ற இறக்கம் மழுங்குகிறது. இரவில் இறங்கவேண்டியது இறங்குவதில்லை. தூக்கம் துண்டுபடுகிறது, இரத்த அழுத்தம் நிலையாக ஏறி நிற்கிறது. நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸின் நரம்புக் கிளைகள் சுருங்குவதை மெக்யூவனின் குழு விலங்குகளில் காட்டியது.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்த மொத்த ஏற்பாட்டையும் தூண்டுவது பெரும்பாலும் தசை செய்யும் வேலையல்ல, மனம் போடும் கணக்கு. மண்வெட்டி பிடித்து இரண்டு மணி நேரம் வெட்டிவிட்டு வேப்பமர நிழலில் உட்காருபவரின் உடல் சீக்கிரமே அமைதிக்குத் திரும்பிவிடும். கை சும்மா இருந்தும், அடுத்த நாலு வேலையை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே இருப்பவரின் உடலோ வேலையில்தான் இருக்கிறது.

அந்த அடுக்கல் அறிவையும் தின்கிறது என்று காட்டிய ஆய்வு ஒன்று நம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். கரும்புக்காரருக்கு வருமானம் ஆண்டுக்கு ஒருமுறை, வெட்டிய பிறகுதான். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக் கடையில் இருக்கும், கைமாற்றுக்கு அலைச்சல் இருக்கும். அதே மனிதரை வெட்டுக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். வடிவங்களுக்குள் ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் சோதனையிலும், கவனத்தைக் கட்டுப்படுத்தும் சோதனையிலும், பணம் வந்த பிறகு அதே ஆள் தெளிவாகக் கூடுதலாகச் செய்தார். 2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் இது வெளியானது. ஏழைக்கு அறிவு குறைவு என்ற பழைய அகம்பாவத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. குறைந்தது அறிவல்ல. கவலை அதன் பெரும்பகுதியை ஏற்கெனவே வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தது.

இந்த முடிவை அப்படியே வேதவாக்காகக் கொள்ளக்கூடாது. 2016-இல் அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் குறைந்த வருமானக்காரர்களைச் சோதித்த கார்வல்ஹோ குழுவினர், சிந்தனைத் திறனில் அப்படியொரு வேறுபாட்டைக் காணவில்லை. மாதா மாதம் வரும் நெருக்கடியும், ஒரு சாகுபடி முழுவதையும் பணயம் வைத்த நெருக்கடியும் ஒரே மாதிரி மனத்தை அழுத்தாமல் இருக்கலாம் என்பது என் கருத்து. எப்படியோ, முல்லைநாதனும் ஷாஃபிரும் தங்கள் நூலில் பணத்துக்குச் சொன்னதையே நேரத்துக்கும் சொன்னார்கள். நேரம் போதாதபோது மனம் ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது. கண்ணெதிரே இருக்கும் கெடு மட்டும் பளிச்சென்று தெரியும், பக்கத்தில் இருப்பதெல்லாம் இருண்டுவிடும். தன் இரத்த அழுத்த மாத்திரையும், கொஞ்ச நாளாகத் தட்டுப்படும் கட்டியும், மகளின் வாடிய முகமும் அந்த இருட்டில்தான் கிடக்கின்றன.

அரைகுறையாக விட்ட வேலை அடுத்த வேலைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சோஃபி லெராய் 2009-இல் இதைக் கவன எச்சம் என்றார். சோதனையில் ஒரு வேலையைப் பாதியில் பறித்து இன்னொன்றைக் கொடுத்தபோது, மனத்தின் ஒரு பகுதி முதல் வேலையிலேயே தங்கி, இரண்டாவது வேலை கெட்டது. லெராய் அலுவலக வேலைகளை நினைத்து எழுதினார். பால் பொங்கும்போது குழந்தை அழுவதும், குழந்தையைத் தூக்கும்போது தண்ணீர் வருவதும் என் கண்ணுக்கு அதே சோதனைதான், நாளுக்கு நூறு முறை நடப்பது.

அப்படியானால் வேலையே கெடுதலா? இல்லை. இங்கே ஆய்வுகள் மிகத் தெளிவாகவே எதிர்த்திசையில் நிற்கின்றன. சும்மா இருப்பது மனிதனுக்கு ஒத்துவருவதில்லை. கிறிஸ்டோபர் சீயும் சகாக்களும் 2010-இல் மாணவர்களுக்கு ஒரு தேர்வு கொடுத்தார்கள். எழுதி முடித்த தாளைப் பக்கத்திலேயே கொடுத்துவிட்டுச் சும்மா காத்திருக்கலாம், அல்லது தொலைவில் உள்ள இடத்துக்கு நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வரலாம். நடந்து வந்தவர்களே அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள், கட்டாயப்படுத்தி நடக்கவைத்தபோதும் கூட. டல்லாஸில் 50 முதல் 89 வயது வரையிலானவர்களை ஆராய்ந்த டெனிஸ் பார்க்கின் குழு, அதிக வேலையோடு இருப்பவர்களுக்கே நினைவாற்றலும் சிந்தனை வேகமும் நன்றாக இருப்பதை 2016-இல் கண்டது. வேலை மூளையைக் காக்கிறதா, நல்ல மூளைக்காரர்கள் வேலையைத் தேடிக்கொள்கிறார்களா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லாது. என்றாலும் எழுபது வயதிலும் கடைவீதியில் கீரைக் கட்டோடு உட்கார்ந்திருக்கும் ஆத்தாவைப் பார்த்து, ஐயோ பாவம் என்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

அமெரிக்காவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் நாட்குறிப்புகளை வைத்து மாரிசா ஷரிஃபும் மேலும் இருவரும் 2021-இல் வெளியிட்ட கணக்கு இன்னும் நுட்பமானது. தன் விருப்பப்படி செலவிடும் நேரம் கூடக் கூட மன நிறைவும் கூடுகிறது. ஆனால் நாளுக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டியதும் கூடுவது நின்றுவிடுகிறது, ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனால் குறையவே தொடங்குகிறது. இந்த ஐந்து மணி நேரக் கவலை நம் பூத்தோட்டத்துப் பெண்ணுக்குத் தேவையில்லை. முதல் இரண்டு மணி நேரத்துக்கே அவர் நாளில் இடமில்லை.

பிரிக்கும் கோடு வேலையின் அளவில் இல்லாவிட்டால் வேறு எங்கே இருக்கிறது? 1979-இல் ராபர்ட் கராசெக் அமெரிக்க, ஸ்வீடன் தொழிலாளர்களின் விவரங்களை வைத்து ஒரு விடை சொன்னார். வேலைப்பளு அதிகம், ஆனால் எதை எப்போது எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் இருக்கிறது என்றால், அந்த வேலை ஆளை வளர்க்கிறது. பளு அதிகமாகவும் உரிமை இல்லாமலும் இருந்தால் அதே பளு மனச்சோர்வாகவும் தூக்கமின்மையாகவும் மாறுகிறது. பிறகு லண்டனில் 1985-இல் தொடங்கி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வு, இதயநோய் அதிகாரிகளை விடக் கீழ்நிலை ஊழியர்களையே அதிகம் தாக்குவதைக் கண்டது. தன் வேலை தன் கையில் இல்லாதது அதன் காரணங்களில் முக்கியமானது.

புதுக்கோட்டையின் சைக்கிள் எனக்கு இப்போது வேறு மாதிரி தெரிகிறது. அதனால் குறைந்த வேலை சொற்பம். சொல்லப்போனால் தண்ணீர் எடுப்பதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோவதும் ‘உனக்குத்தான் சைக்கிள் ஓட்டத் தெரியுமே’ என்று இன்னும் எளிதாக அந்தப் பெண்மேல் விழ வழி உண்டு. ஆனால் புறப்படும் நேரத்தை முடிவு செய்வது பஸ்ஸின் கையிலிருந்து, அப்பா அண்ணன் கணவன் கையிலிருந்து, அவர் கைக்கு வந்தது. கராசெக்கின் கணக்கில் இது ஆளைச் சோர்வின் பக்கத்திலிருந்து வளர்ச்சியின் பக்கத்துக்கு நகர்த்தும் மாற்றம். பூத்தோட்டத்துப் பெண்ணின் நாளைத் திரும்பப் பாருங்கள். மொட்டு ஒரு நேரம் சொல்கிறது, குழாய் ஒரு நேரம், கரண்ட் ஒரு நேரம், தவணை வசூலிப்பவர் ஒரு நேரம். எல்லோருடைய கடிகாரமும் அவர் வீட்டுக்குள் ஓடுகிறது, அவருடையதைத் தவிர.

நேரம் இல்லாமையையும் வறுமை என்றே கணக்கிடவேண்டும் என்று பொருளியலாளர் கிளேர் விக்கரி 1977-இலேயே எழுதினார். இந்தியா 1998-99-இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் முதல் பெரிய நேரக் கணக்கெடுப்பை நடத்திப் பார்த்தது. பிறகு நாடு முழுவதற்கும் 2019-இலும் 2024-இலும் எடுத்தார்கள். 2024 கணக்கின்படி சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம். அந்த வேலை செய்யும் ஆண்கள் 88 நிமிடம். பெண்களில் பத்துக்கு எட்டுப் பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள், ஆண்களில் நான்கில் ஒருவருக்குச் சற்று மேல்தான். நாளை அரை மணி அரை மணியாக வெட்டி, ஒவ்வொன்றிலும் என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டுக் குறிக்கும் முறை அது. நல்ல முறைதான். ஆனால் கண் பிள்ளைமேலும் காது தண்ணீர்க் குழாய்மேலும் இருக்க, கை மட்டும் பூக் கட்டும் அரை மணியை எந்தக் கட்டத்தில் அடைப்பது? மனம் சுமப்பது பெரும்பாலும் கணக்கில் சரியாக விழாத, கண்ணும் காதும் செய்யும் அந்த வேலையைத்தான்.

ஆண்களை விட்டுவிட முடியாது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததால் பக்கவாதமும் இதயநோயும் வந்து 2016-இல் மட்டும் 7,45,000 பேர் இறந்தார்கள். 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவரோடு ஒப்பிட்டால் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல். ஓவர்டைமை நம்பிக் கடல் கடந்து போன புதுக்கோட்டை இளைஞர்களின் வாரம் எத்தனை மணி நேரம் என்று அவர்கள் வீட்டார் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

நன்றாகத் தூங்குங்கள் என்ற அறிவுரை எல்லோரும் தருவது. அதைச் சென்னையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், முடிவு பலரை வியக்கவைத்தது. பெட்ரோ பெஸ்ஸோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக் முதலியோர் 452 எளிய வருமானக்காரர்களின் கையில் தூக்கத்தை அளக்கும் கருவியைக் கட்டினார்கள். இரவில் படுக்கையில் இருந்தது சுமார் எட்டு மணி நேரம், உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். புழுக்கம், கொசு, சத்தம் இவற்றுக்கு நடுவே துண்டு துண்டான தூக்கம். மெத்தை, மின்விசிறி, காதடைப்பான், ஆலோசனை எல்லாம் கொடுத்துப் பார்த்ததில் தூக்கம் இரவுக்கு 27 நிமிடம் கூடியது. கூடிய பிறகும் வேலைத்திறனிலோ மன நலத்திலோ சொல்லத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் பகலில், வேலையிடத்திலேயே, அமைதியான ஓர் இடத்தில் அரை மணி நேரம் கண்ணயர விட்டபோது கவனமும் வேலைத்திறனும் மன நலமும் உயர்ந்தன. 2021-இல் வெளிவந்த ஆய்வு இது.

துண்டுபட்ட தூக்கத்தில் இன்னும் கொஞ்சம் சேர்ப்பதற்கும், யாரும் எழுப்பாத அரை மணி நேரத்துக்கும் இடையே உள்ள வேறுபாடாகத்தான் நான் இதைப் படிக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் துண்டை விரித்துத் தலை சாய்ப்பது நம் ஊரில் புதிதல்ல. அந்தத் திண்ணையில் யார் தலை சாய்த்தார்கள், யார் உள்ளே பாத்திரம் கழுவினார்கள் என்பதையும் நாம் அறிவோம்.

ஆகவே, மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள், தியானம் செய்யுங்கள் என்று சொல்லி நிறுத்துவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. தியானத்துக்கும் இருபது நிமிடம் வேண்டும், அதை யாராவது கொடுத்தாகவேண்டும். நேரத்தைத் தரக்கூடியவை பொது ஏற்பாடுகள்தான். வாசலுக்கு வரும் தண்ணீர், குறித்த நேரத்தில் வரும் பஸ், நம்பிப் பிள்ளையை விடக்கூடிய அங்கன்வாடி. 2021 முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. பெரிய உதவி. ஆனால் நாளுக்குச் சில தடவை மட்டும் பஸ் வரும் ஊரில் காசுதான் மிச்சம், காத்திருப்பு அப்படியே இருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கி 2023 ஆகஸ்டில் விரிவான காலை உணவுத் திட்டத்தைப் பிள்ளைகளின் பசியை வைத்தே எல்லோரும் பேசுகிறார்கள். விடிகாலையில் ஓர் அடுப்பு வேலை குறைவதை வைத்தும் பேசவேண்டும். அந்த உணவைச் சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். பல வீடுகளின் அவசரத்தைக் குறைக்க அவர்கள் இருட்டோடு கிளம்புகிறார்கள். ஊதியம் உண்டு. கிளம்பும் நேரத்தில் அவர்கள் வீட்டு வேலையை யார் ஏற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அது அவர்களுக்குச் சுமையா, உயர்வா என்பது அமையும்.

கடைசியாக, மருத்துவமனைக்கு வரும்போது இந்த நெருக்கடி எப்படிப் பேசுகிறது என்பதைச் சொல்லவேண்டும். மன அழுத்தம் என்று சொல்லிக்கொண்டு யாரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதில்லை. அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, அசதியா இருக்கு, தலை கிறுகிறுங்குது, நெஞ்சு படபடங்குது என்றுதான் வருவார்கள். இரத்தசோகை என்று எழுதி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவது வழக்கம். விக்ரம் படேலும் குழுவினரும் கோவாவில் சுமார் 2,500 பெண்களிடம் இதை ஆராய்ந்து 2005-இல் எழுதினார்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ தீராத அசதி இருந்தவர்கள் சுமார் 12 சதவீதம். அந்த அசதிக்கும் அவர்களுடைய ஹீமோகுளோபின் அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை. மன வேதனையோடும், வீட்டுக்குள் படும் கொடுமையோடும், பணத் தட்டுப்பாட்டோடுமே தொடர்பு தெரிந்தது. இரத்தசோகை நம் பெண்களிடம் பரவலாக இருப்பதால் இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடக் கூடாது. அதோடு, வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர் இன்னும் மூன்று கேள்விகள் சேர்த்துக் கேட்டால் போதும்: காலையில் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், பகலில் எப்போதாவது உட்காருகிறீர்களா, முன்பு பிடித்திருந்தது இப்போதும் பிடிக்கிறதா?

மூன்றாவது கேள்விக்குத்தான் மிகுந்த கவனம் தேவை. பரபரப்பு குறைந்தால், ஒரு நல்ல தூக்கம் கிடைத்தால் தெளிந்துவிடும் சோர்வு வேறு. கோயில் திருவிழா வந்தும், மகள் பிள்ளையோடு வந்தும் மனம் எழவில்லை, இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுவதும் அப்படியே இருக்கிறது, பசியோ தூக்கமோ கெட்டிருக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் பெரும்பாலும் அதைக் குணப்படுத்தும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். வீட்டில் இருப்பவர்கள் அந்த எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை அடுப்பையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.